இரண்டு ரூபா நாணயம்: உருவும் உட்பொருளும்

தமிழிலே ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருள் தந்து நிற்கின்றது. கடைவீதியிலே கைமாறும் உலோகக் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத ஒழுக்கம் மற்றொன்று. ‘நாணயமான மனிதர்’ என்று ஒருவரைப் போற்றும்போது அவருடைய பணப்பையையா நாம் எண்ணுகிறோம்? அவர் வாய்ச்சொல்லையன்றோ எண்ணுகிறோம். ஓர் அரசு ஏதேனும் ஒரு பெருங்கருத்தை நினைவூட்டுவதற்கென்றே காசு ஒன்றை வெளியிடுமாயின், அக்காசிலே இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து சேர்கின்றன. அதன் மீது பொறித்த உருவம் ஒரு வாக்குறுதியாகின்றது. அவ்வாக்குறுதி காக்கப்பட்டதா என்று பின்வருவோர் கேட்பதற்கும் இடமுண்டாகின்றது.

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று அன்பர்கள் கேட்டபோது, என் மேசையிலே இருக்கும் ஒரு பழைய நாணயம் நினைவுக்கு வந்தது. அது 1968 ஆம் ஆண்டிலே, நம் நாடு ‘இலங்கை’ என்று தமிழிலும் ‘சிலோன்’ என்று ஆங்கிலத்திலும் வழங்கிய காலத்திலே, வெளியிடப்பட்ட இரண்டு ரூபா நாணயம். செப்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாலாயது. பொன்னுமன்று, வெள்ளியுமன்று. ஆயினும், அதிலே பொறித்த உருவத்தைப் பற்றிக்கொண்டு நடந்தால், பொலன்னறுவைக்கும், அங்கிருந்து தஞ்சைக்கும், பின் திரும்பி நம் மாத்தளை மலைகளுக்கும் வந்து சேரலாம். அவ்வழியே வாசகரை அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஞாபகார்த்த நாணயம் என்பது யாது?

நாள்தோறும் வழங்கும் காசிலே நாட்டின் இலச்சினையும் மதிப்பும் ஆண்டும் இருந்தாற் போதும். முடிமன்னர் ஆண்ட காலத்திலே அவர் தலையுருவம் இருந்தது. ஞாபகார்த்த நாணயமோ ஒரு நிகழ்ச்சியையோ, ஒரு பெரியாரையோ, ஒரு கொள்கையையோ மக்கள் மறவாதிருக்கும் பொருட்டு அடிக்கப்படுவது. சுதந்திர இலங்கையிலே 1957 ஆம் ஆண்டு புத்த ஜயந்தியை முன்னிட்டு 1 ரூபா நாணயமும், வெள்ளியாலான 5 ரூபா நாணயமும் வெளிவந்தன. புத்த சமயத்தின் 2500 ஆண்டு நிறைவைக் குறித்தவை அவை. அதன் பின்னர் வந்தது நம் இரண்டு ரூபா. முன்னையது சமய வரலாற்றைப் போற்றியது. பின்னையது வயிற்றை நினைத்தது.

வயிற்றை நினைத்தது என்பதற்குக் காரணமுண்டு. 1945 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆந் திகதி நிறுவப்பெற்ற ஐக்கிய நாடுகள் உணவு விவசாய தாபனம், 1960 ஆம் ஆண்டிலே பசியொழிப்பு இயக்கமொன்றைத் தொடங்கிற்று. 1968 இலே ஒரு புதுமையான வழியையும் கண்டது. உலக நாடுகள் தத்தம் காசுகளிலேயே உழவையும் உணவையும் பொறித்து வெளியிடுமாறு அது வேண்டிக்கொண்டது. நூலை வாங்கிப் படியாதவனும் காசைக் கையாலே தொடுவான். சுவரொட்டி மழையிலே கரையும், காசு கரையாது. இதுவே அத்திட்டத்தின் அடிப்படை. பல நாடுகள் இதற்கு இசைந்தன. இந்தியா 1970 இலே ‘அனைவர்க்கும் உணவு’ என்னும் கருத்தையும், 1973 இலே ‘மேலும் உணவு பயிரிடுவோம்’ என்னும் கருத்தையும் காசிலே பொறித்தது. 1974 இலே தாய் தந்தையரும் இரு பிள்ளைகளும் கொண்ட சிறு குடும்பமொன்றின் உருவத்தை அடித்து, உணவையும் குடும்பத் திட்டத்தையும் ஒன்றாக இணைத்துக் காட்டிற்று.

தானியக் கதிர், கலப்பை, மீன், பசு என்பனவே இத்தகைய காசுகளுக்கு இயல்பாய் அமையும் உருவங்கள். இலங்கையோ இவற்றை விடுத்து, கல்லிலே செதுக்கிய ஒரு பழஞ்சிலையைத் தேர்ந்தது. மகா பராக்கிரமபாகுவின் சிலை என வழங்கும் உருவமே அது. உணவைக் குறிக்க வேண்டிய காசிலே மன்னனுக்கு என்ன வேலை? இக்கேள்விக்கு விடை காண்பதே அந்நாணயத்தின் உட்பொருளைக் காண்பதாகும்.

கல்லிலே நிற்கும் உருவம்

பொலன்னறுவையிலே, பராக்கிரம சமுத்திரத்தின் கரையை ஒட்டி, பொத்குல் விகாரைக்கு அண்மையில் ஒரு பெரும்பாறை உண்டு. அப்பாறையிலே 11 அடிக்குச் சற்று மிகுந்த உயரத்தில் ஓர் ஆடவன் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கொள்கை. முடியில்லை, மணியணிகள் இல்லை, காலிலே பாதரட்சையும் இல்லை. மார்பு திறந்திருக்கின்றது. தாடியும் மீசையும் அடர்ந்த முகத்திலே கண்கள் பாதி மூடிய நிலையிலே தாழ்ந்து நோக்குகின்றன. இரு கைகளும் ஏதோவொரு பொருளை ஏந்தியிருக்கின்றன.

அப்பொருள் யாது என்பதிலேதான் அறிஞரிடையே வேறுபாடு. ஏட்டுச் சுவடி என்பர் ஒருசாரார். பொத்குல் விகாரை பண்டு நூல்நிலையமாக இருந்ததென்னும் மரபு அவர்க்குத் துணை. அவர் கருத்துப்படி உருவமும் மன்னனுடையதன்று, ஒரு முனிவருடையது. அகத்திய முனிவரே அவர் எனக் கண்டோரும் உளர். தமிழ் மாணவர்க்கு இச்செய்தி இனிப்பதிலே வியப்பில்லை. மற்றொரு சாரார் அது நுகத்தடி என்பர். தொல்பொருளறிஞர் செனரத் பரணவிதான இக்கருத்தை எடுத்துரைத்தவர். அரசுப் பொறுப்பு என்னும் பாரத்தை, எருது நுகத்தைத் தாங்குவதுபோல மன்னன் தாங்குகிறான் என்பது அதன் குறிப்பு.

கற்றறிந்தோர் முடிவு செய்ய மாட்டாத வழக்கிலே தீர்ப்புக் கூற நாம் யார்? எனினும், நாணயம் ஒரு பக்கத்தைச் சார்ந்துவிட்டது. உணவு விவசாய தாபனத்தின் பெயரால் வெளிவந்த காசிலே அவ்வுருவத்தைப் பொறித்த கணமே, அது முனிவனாக இல்லாமல் மன்னனாயிற்று. மன்னனுள்ளும் உழவர்க்கு நீர் தந்த மன்னனாயிற்று. குறியீடு என்பது இவ்வாறே தொழிற்படுகின்றது. கல்லிலே ஐயத்துக்கு இடமாக நின்றது, காசிலே துணிபொருளாகிவிடுகின்றது. அக்காலத்தை ஒட்டி மத்திய வங்கி வெளியிட்ட நாணயத்தாள்களிலும் இச்சிலையுருவம் இடம்பெற்றமையால், கண்ட கண்ணெல்லாம் அதனைப் பராக்கிரமபாகு என்றே கொள்ளலாயிற்று.

உருவம் முடியின்றி நிற்பதும் இங்கே கருதத்தக்கது. காசிலே மன்னர் தோன்றும்போது முடியோடு தோன்றுவதே உலக வழக்கம். முன்னர் நம் காசுகளிலும் பிரித்தானிய முடிமன்னரின் தலையுருவமே இருந்தது. 1963 முதல் வந்த புதிய காசுகளிலே அது நீங்கி நாட்டின் இலச்சினை இடம்பெற்றது. அம்மாற்றம் நிகழ்ந்து ஐந்தாண்டுக்குள், ஒரு மன்னன் மீண்டும் காசிலே வந்தான். ஆனால் வெறுந்தலையோடும் வெற்றுக்காலோடும் வந்தான். வயற்கரையிலே நிற்பவன் கோலமும் அதுவே.

மன்னன் தானே வெளியிட்ட காசு

பராக்கிரமபாகு ஆண்ட காலம் 1153 முதல் 1186 வரை. அவன் காலத்திலும் செப்புக் காசுகள் வழங்கின. அவற்றின் ஒரு புறத்திலே நிற்கும் மனித உருவம். மறுபுறத்திலே அமர்ந்த உருவம். அதனருகே நாகரி எழுத்திலே மன்னன் பெயர். இவ்வமைப்பு அவனாற் புதிதாக வகுக்கப்பட்டதன்று. தஞ்சையிலே பெருங்கோயில் எடுத்த முதலாம் இராசராச சோழன் வெளியிட்ட காசின் அமைப்பே அது.

வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். 10 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சோழர் படை அநுராதபுரத்தைக் கைக்கொண்டது. பொலன்னறுவை, சனநாதமங்கலம் என்னும் பெயரோடு அவர்தம் தலைநகராயிற்று. 1070 ஆம் ஆண்டளவில் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றி அரசை மீட்டான். வென்றவன், தோற்றவனது காசை ஒழித்திருக்கலாம். அவ்வாறு செய்தானல்லன். மக்கள் கைக்குப் பழகிய அதே அமைப்பைக் கொண்டு தன் பெயரைப் பொறித்தான். விசயபாகுவுக்குப் பின் பராக்கிரமபாகுவும், நிசங்கமல்லனும், அரசி லீலாவதியும், 13 ஆம் நூற்றாண்டிலே முதலாம் புவனேகபாகு வரை பலரும் அவ்வமைப்பையே பின்பற்றினர். பகையிலே பிரிந்தவர்களைப் பண்டமாற்று இணைத்து வைத்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ? சோழர் கல்வெட்டுகளிலே ‘ஈழக்காசு’ என்னும் பெயர் பயின்று வருவதும், இரு கரையாரிடையே காசு வழக்குக் கலந்திருந்தமையைப் புலப்படுத்தும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பராக்கிரமபாகுவின் காசிலே பெயர் நாகரியில் இருந்ததெனினும், அவன் ஆணையொன்று செந்தமிழிலே கல்லில் நிற்கின்றது. நயினாதீவிலுள்ள கல்வெட்டே அது. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து கூடலாமென்றும், அவர்க்குக் காவல் அளிக்கப்படுமென்றும், யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடையுமாயின் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு என்றும், வேறு சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி என்றும் அஃது உரைக்கின்றது. தமிழறிந்தோர் ஆண்ட துறையிலே தமிழில் எழுதுவதே முறை என அம்மன்னன் கண்டான். 1870 ஆம் ஆண்டின் சதக்காசு முதலாக இலங்கைக் காசுகளிலே தமிழெழுத்து நின்று வருவதும், 1960 களின் காசுகளிலே நாட்டின் பெயரும் மதிப்பும் மும்மொழியிலும் பொறிக்கப்பெற்றதும், இப்பழைய முறைமையின் தொடர்ச்சியெனக் கொள்ளத்தகும். 1956 ஆம் ஆண்டின் மொழிச்சட்டத்துக்குப் பின்னும் காசிலே தமிழ் நீங்கவில்லை என்பதை மாணவர் மறத்தலாகாது. கந்தோர்களிலே இடமிழந்த மொழி, கடைக்காரன் கல்லாவிலே இடமிழக்கவில்லை.

நீரே உட்பொருள்

இனி, அம்மன்னனை உணவுக் காசுக்கு உரியவனாக்கியது எது எனக் காண்போம். வானத்திலிருந்து விழும் நீரிலே ஒரு துளியேனும் மக்களுக்குப் பயன்படாமற் கடலிலே கலத்தலாகாது என்பது அவன் கொண்ட கொள்கையெனச் சூளவம்சம் கூறுகின்றது. அவன் கட்டியும் திருத்தியும் அமைத்த நீர்நிலைகளுக்கு அந்நூல் பெருங்கணக்கு ஒன்று தருகின்றது. பெருங்குளங்கள் மட்டும் 163; சிறுகுளங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். அரசவைப் புலவர் கணக்கிலே புகழ்ச்சியும் கலந்திருக்கும் என ஒரு பங்கைக் கழித்தாலும், எஞ்சுவது சிறிதன்று.

அவற்றுள் தலையாயது பராக்கிரம சமுத்திரம். ஏறத்தாழ 14 கிலோ மீற்றர் நீளமுள்ள அணைக்கட்டு அதனைத் தாங்குகின்றது. அதன் முன் நின்றோர், கடல் என்று பெயரிட்டது மிகையன்று என ஒப்புவர். ஆனால் குளம் என்பது வெறுங்கொள்கலமே. மழையொன்றையே நம்பினால் வறண்ட பிரதேசத்துக் குளம் ஆண்டிலே பாதி நாள் சேற்று நிலமாகும். அக்கொள்கலத்தை நிரப்ப, வற்றாத ஆற்றிலிருந்து நீரைத் திருப்பிக் கொணர வேண்டும். அவ்வாறு அம்பன் கங்கை. அங்கமெடில்லையிலே அதனை மறித்து, வாய்க்கால் வழியே நீரைக் கொண்டுவந்து சமுத்திரத்திலே சேர்த்தனர்.

மன்னனைப் போற்றும்போது மற்றொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. அவன் அரியணை ஏறியது நெடும் போர்களின் பின்னரே. பாண்டி நாட்டு அரசுரிமைப் போரிலே படை அனுப்பினான். பர்மாவின் மீதும் கடற்படை விடுத்தான். இத்துணைப் போரும் இத்துணைக் கட்டடமும் குடிகளின் தோளிலேயே ஏறின. அவனுக்குப் பின் அரசு விரைவிலே தளர்ந்தது. நுகம் என்பது மன்னன் கையிலே மட்டும் இருந்ததன்று. மண் சுமந்தவன் தோளிலும் இருந்தது. குளக்கரையிலே அவன் பெயர் இல்லை, காசிலும் இல்லை.

நமது மலைகளின் பங்கு

அம்பன் கங்கை என்ற பெயரைப் படித்த அளவிலே நம் மாவட்டத்து வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர். அது நம் ஆறு. மாத்தளை மலைகளிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளிலும் பிறக்கும் ஓடைகள் கூடி அதனை ஆக்குகின்றன. நம் நகரத்தை அணைந்து ஓடும் சுது கங்கையும் அதனோடு கலப்பதே. பள்ளிக்கூட நாட்களிலே நாம் கரையில் நின்று கல்லெறிந்து விளையாடிய அந்நீர், வடக்கு நோக்கி இறங்கிப் பொலன்னறுவை வயல்களை நனைக்கின்றது என்பதை அன்று யார் நமக்குச் சொன்னார்?

பராக்கிரமபாகுவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாற்றின் அருமையை மன்னர் உணர்ந்திருந்தனர். எலஹெரையிலே அம்பன் கங்கையை மறித்து வெட்டிய வாய்க்கால், வசப மன்னன் காலத்தது எனக் கூறப்படும். மகாசேனன் அதனை நீட்டி மின்னேரியாக் குளத்தை நிரப்பினான். பிற்காலத்தார் கிரித்தலை, கவுடுல்லை, கந்தளாய் வரை அத்தொடரைக் கொண்டு சென்றனர். திருக்கோணமலைக்கு அண்மையிலுள்ள கந்தளாய்க் குளத்தின் கரையிலே சைவக் கோயில்களும் சதுர்வேதிமங்கலமும் இருந்த வரலாற்றைக் கல்வெட்டுகள் காட்டும். மாத்தளையிலே பெய்த மழை, ஈற்றிலே கந்தளாய் வயலின் நெல்லாகின்றது.

அவ்வாய்க்கால்களின் அமைப்பும் அறியத்தக்கது. அவற்றுக்கு இரு கரைகள் இல்லை; தாழ்ந்த பக்கத்திலே மட்டும் கரை. மேட்டுப் பக்கத்திலே நிலத்தின் இயற்கைச் சரிவே கரையாகும். அதனால் வழியிலுள்ள பள்ளங்களிலே நீர் பரந்து சிறு குளங்கள் போலத் தேங்கும். மண் அங்கே படியும். ஓட்டத்தின் வேகம் தணியும். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரும் வாய்க்காலிலேயே சேரும். நீரோடு போராடாமல் நீரின் போக்கிலேயே சென்று அதனைத் தன்வழிப்படுத்தும் முறை இது.

மன்னனுக்கும் நம் மாவட்டத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அரசுரிமைப் போர்க்காலத்திலே அவன் நாலந்தாவைப் படைத்தளமாகக் கொண்டான் எனச் சூளவம்சத்தால் அறிகிறோம். அந்நாலந்தாவிலேதான், பல்லவர் கலைப்பாணியிலே கருங்கல்லால் ஆக்கிய ‘கெடிகே’ என்னும் கோயில் நிற்கின்றது. பௌத்தக் கோயிலா, இந்துக் கோயிலா என்று பார்ப்போர் மயங்கும் வண்ணம் இரு மரபும் அதிலே கலந்துள்ளன. பொலன்னறுவையிலே வானவன்மாதேவீச்சரம் தமிழ்க் கல்வெட்டுகளோடு நிற்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. நாணயத்திலே நிற்கும் மன்னனைச் சூழ இருந்த உலகம் இத்தகையது. ஒரு சமயத்தார்க்கோ ஒரு மொழியார்க்கோ மட்டும் உரியதன்று அது.

அவ்வாண்டின் உணவு நிலை

நாணயம் வெளிவந்த 1968 ஆம் ஆண்டிலே நாட்டின் நிலை யாது? இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே தொடங்கிய அரிசிப் பங்கீடு தொடர்ந்து நடைபெற்றது. கூப்பன் அரிசி என்று மக்கள் வழங்கியது அதனையே. 1953 ஆகஸ்ட் மாதத்திலே பங்கீட்டு அரிசியின் விலையேற்றம் நாடளாவிய ஹர்த்தாலுக்குக் காரணமாயிற்று. 1966 டிசம்பரிலே, வாரமொன்றுக்கு 2 கொத்தாயிருந்த பங்கு 1 கொத்தாயிற்று. அந்த ஒரு கொத்து இலவசமாக வழங்கப்பட்டது. பிரதமர் டட்லி சேனநாயக்க உணவு உற்பத்தி இயக்கத்தைத் தம் அரசின் முதற்பணியாகக் கொண்டார். அவர் தந்தையார் டி. எஸ். சேனநாயக்க, விவசாய அமைச்சராயிருந்த காலத்திலே மின்னேரியாவிலே குடியேற்றம் தொடங்கியவர். பண்டைக் குளங்களைத் திருத்தி நெல் விளைவிப்பது நாட்டின் கொள்கையாயிருந்த வேளையிலே, பராக்கிரமபாகுவின் உருவம் காசிலே ஏறியது தற்செயலன்று. அக்காசு பழமையைப் போற்றியது. அதனினும் மிகுதியாக, நடந்துகொண்டிருந்த ஒரு பணிக்குக் கொடி பிடித்தது.

இங்கேதான் நாணயத்தின் மற்றைப் பொருளை நாம் கேட்கவேண்டியுள்ளது. உணவு அனைவர்க்கும் என்பது வாக்குறுதி. அனைவர் என்றால் யாவர்?

நம் மாவட்டத்துத் தோட்டப்புறங்களிலே வாழ்ந்த மக்களுட் பலரின் முன்னோர், மன்னார்க் கரையிலே இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் கால்நடையாகவே மாத்தளைக்கு வந்தவர்கள். வழியிலே மாண்டவர்க்குக் கணக்கில்லை. காப்பியும், பின் தேயிலையும் இறப்பரும் அவர் உழைப்பால் வளர்ந்தன. அந்நியச் செலாவணி அதனால் வந்தது. அதைக் கொண்டே நாட்டுக்கு அரிசி வந்தது. நாணயம் வெளிவந்த ஆண்டிலே அவருட் பெரும்பாலார்க்குக் குடியுரிமையுமில்லை, ஒரு துண்டு வயலுமில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், யார் இங்கிருப்பது யார் அங்கே போவது எனப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே உலகச் சந்தையிலே தானிய விலை ஏறி, பங்கீடும் குறைந்தபோது, உணவுப் பஞ்சம் தோட்டங்களையே மிகக் கடுமையாகத் தாக்கிற்று. கொல்லையிலே விளைவிக்க நிலமில்லாதவர், கடையிலே வாங்கக் கூலி போதாதவர் யாதுசெய்வர்? பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். இது வரலாறு.

ஒரு நாணயத்தின் கதை

என் வாழ்க்கைச் செய்தியொன்றை இங்கே கூற வாசகர் பொறுத்தருள்க. வகுப்பிலே வரலாற்றுக் கேள்விகளுக்கு விடை சொன்னமைக்காக, ஆசிரியர் ஒருவர் எனக்கு இந்த இரண்டு ரூபா நாணயத்தைப் பரிசளித்தார். ‘இதனைச் செலவழியாதே, படித்துக்கொள்’ என்றார். நாணயத்தைப் படிப்பதெவ்வாறு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வீட்டிலே அம்மன் படத்துக்குக் கீழே, திருநீற்று மடலுக்கு அருகில் அதனை வைத்தேன். நாள்தோறும் காலையிலே அம்மன் முகத்தையும் மன்னன் முகத்தையும் ஒருங்கே கண்டு பள்ளிக்குப் போனேன்.

1974 ஆம் ஆண்டிலே ஒரு மாலை, கடைக்குப் போய்வர வேண்டுமென்று அன்னையார் என்னிடம் சொன்னார். கையிலே காசில்லை என்று சொல்லவில்லை. படத்துக்குக் கீழே ஒரு முறை பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். அன்றிரவு கோதுமை மாவிலே ரொட்டி சுட்டோம். தம்பி தங்கையர் உண்டனர். மன்னன் போய்விட்டானே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சிறுவனல்லவா!

இப்போது என் மேசையிலே இருப்பது பல்லாண்டுகளுக்குப் பின் கொழும்பிலே பழங்காசு விற்பவர் ஒருவரிடம் வாங்கியது. அது வேறு நாணயம். முந்தியது எங்கே போயிற்றோ அறியேன். ஆயினும், நினைக்குந்தோறும் ஓர் உண்மை தெளிவாகின்றது. உணவுக்காக அடித்த காசு, ஒரு வீட்டிலே ஒரு வேளை உணவாயிற்று. பேழையிலே பளபளவென்று கிடக்கும் நாணயங்களைக் காட்டிலும் அதுவே தன் கடமையைச் செய்த நாணயம். ஆசிரியர் செலவழியாதே என்று சொன்ன சொல்லை நான் காக்கவில்லை. படித்துக்கொள் என்ற சொல்லைக் காத்தேன் என்றே எண்ணுகிறேன்.

பின்வந்த காசுகள்

அம்பன் கங்கையின் கதை பராக்கிரமபாகுவோடு முடியவில்லை. 1976 ஆம் ஆண்டிலே பொல்கொல்லையிலே மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோ மீற்றர் நீளமுள்ள சுரங்க வழியாக நீரை நம் உக்குவளைக்குக் கொணர்ந்தனர். அங்கே மின்சாரம் பிறப்பித்தபின் அந்நீர் சுது கங்கையிலே விழுகின்றது. நாலந்தாவை அடுத்த போவதென்ன நீர்த்தேக்கம் அதனைத் தாங்கி, ஒரு பங்கை மேற்கேயும் ஒரு பங்கை வடக்கேயும் பிரித்து அனுப்புகின்றது. அந்நீர்த்தேக்கத்தின் பொருட்டே கெடிகேயைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே மீள நிறுவ நேர்ந்தது. 1981 இலே மகாவலித் திட்டத்தைக் குறித்து வெளிவந்த 2 ரூபா நாணயத்திலே அணைக்கட்டின் உருவம் இடம்பெற்றது. முன்னைய 2 ரூபாவிலே நீர் தந்த மன்னன். பின்னையதிலே நீர் தாங்கிய அணை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு எண்ணூறு ஆண்டு வரலாறு இரு காசிலே அடங்கும். அவ்விரண்டுக்கும் இடையிலே ஓடுவது நம் ஆறு.

குடியுரிமை வழக்கும் மெல்ல மெல்லத் தீர்ந்தது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால், எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்கும் இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. 1968 ஆம் ஆண்டின் வாக்குறுதியிலே ‘அனைவர்’ என்ற சொல்லுக்குச் சட்டப்படி பொருள் நிறைய 35 ஆண்டுகள் சென்றன. வயலும் வீடும் பற்றிய கேள்வியோ இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

முடிவுரை

இளமாணவர்க்கு ஒரு வேண்டுகோளோடு இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது விளையாட்டு. பூவையும் தலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இவ்வுருவம் யாருடையது, இதனை ஏன் தேர்ந்தனர், யாரை விட்டனர், எம்மொழியிலே எழுதினர், சொன்னதைச் செய்தனரா என்று கேட்பது கல்வி. ஒரு செப்பு நிக்கல் காசிலே தஞ்சையும் பொலன்னறுவையும் நயினாதீவும் மாத்தளையும் ஒருங்கே இருத்தல் கூடுமாயின், உங்கள் சட்டைப்பையிலே இன்று கிடக்கும் காசிலும் கதையுண்டு.

பராக்கிரமபாகுவின் கையிலிருப்பது ஏடா நுகமா என்பதை அறிஞர் ஆராயட்டும். நம் கல்லூரி நமக்குத் தந்ததோ இரண்டும்: முதலிலே ஏடு, பின்னர் நுகம். கற்றதை ஏந்தி நின்றோம். கற்றபின், கல்லாதார்க்கும் இல்லாதார்க்கும் ஆற்றவேண்டிய கடமையைத் தோளிலே ஏற்றோம். ஏற்றவர்கள் அதனை இறக்கிவையாதிருப்பதே நாணயம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் மடியிலிருந்து இனிவரும் மைந்தரும் நாணயத்தோடு வாழ்க!